குரலுக்கு உரியவர்

1989 செப்டம்பரில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை ஒரு நடனப் பாடல் பிடித்தது. 'ரைடு ஆன் டைம்' என்பது அதன் பெயர். உறையில் இருந்த பெயர் 'பிளாக் பாக்ஸ்'. தொலைக்காட்சியில் அந்தப் பாடல் ஒளிபரப்பானபோது, ஒல்லியான இளம் பிரெஞ்சு மாடல் அழகி ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தார். அந்த உடலிலிருந்து அந்தக் குரல் வருகிறது என்று நம்புவது எளிதன்று. தேவாலயப் பாடற்குழுவில் பல ஆண்டுகள் பழகி, கூரையைத் தொடும் உயரத்திலும் பிசிறாமல் நிற்கும் முதிர்ந்த பெண்குரல் அது.

அக்குரலுக்கு உரியவர் லொலீட்டா ஹாலவே. சிகாகோ நகரத்தவர். அப்போது அவருக்கு வயது 42. அவருடைய குரலைப் பயன்படுத்த அவரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை. இசைத்தட்டில் அவர் பெயர் எங்கும் இல்லை. ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்ற அப்பாடல், அந்த ஆண்டில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்பனையான ஒற்றைப்பாடல் தட்டாகவும் ஆனது.

பொருளாதாரம் கற்பித்தவனாகிய எனக்கு ஹாலவேயின் வாழ்க்கையில் ஈடுபாடு ஏற்பட்டதற்கு ஆல்ஃபிரட் மார்ஷல் காரணம். தம் 'பொருளாதாரக் கோட்பாடுகள்' நூலில் அவர் ஓரிடத்தில் பாடகர்களின் வருமானத்தைப் பற்றிப் பேசுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலிசபெத் பில்லிங்டன் என்ற இசைநாடகப் பாடகி ஒரே பருவத்தில் 10,000 பவுண்டு ஈட்டினாராம். இனி வரும் பாடகர் எவரும் அதைவிட வெகுவாகக் கூடுதலாக ஈட்டுவது அரிது என்று மார்ஷல் கருதினார். காரணம் எளியது. மனிதக் குரல் எட்டும் தூரத்துக்கு எல்லை உண்டு. எனவே கேட்போர் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு.

ஒலிப்பதிவு அந்த எல்லையை உடைத்தது. 1981இல் ஷெர்வின் ரோசன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், நட்சத்திரங்களின் பொருளாதாரம் குறித்த தம் கட்டுரையில் மார்ஷலை நினைவுகூர்ந்து, கணக்கைத் திருப்பி எழுதினார். ஒரே குரல் கோடிப்பேரைச் சென்றடைய முடியுமானால், திறமையில் சற்றே உயர்ந்தவருக்குக்கூட வருமானம் பன்மடங்கு உயரும் என்பது அவர் வாதம். வகுப்பறையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கற்பித்த காலத்தில் எனக்கும் அது நிறைவாகவே பட்டது. குரல் கோடிப்பேரைச் சென்றடையும்போது அதற்கான காசு யாரைச் சென்றடைகிறது என்ற கேள்வியை நான் மாணவர்களிடம் எழுப்பியதில்லை. ஹாலவேயின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விதான்.

1946 நவம்பர் 5ஆம் நாள் சிகாகோவில் பிறந்தார் ஹாலவே. தென்மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு வடக்கே வந்த கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் குடியேறிய நகரம் அது. 'காஸ்பெல்' எனப்படும் பக்தி இசை 1930களில் அந்நகரத் தேவாலயங்களில்தான் உருக்கொண்டது. தாமஸ் டார்சி அங்கே பாடல்களை இயற்றினார். மஹாலியா ஜாக்சன் அவற்றைப் பாடினார். ஹாலவேயின் தாயாரும் ஒரு பாடற்குழுவை நடத்தினார். மகள் அதில் பாடி வளர்ந்தார். 1960களின் பிற்பகுதியில் ஆல்பர்ட்டினா வாக்கரின் புகழ்பெற்ற 'கேரவன்ஸ்' குழுவில் இடம் கிடைத்தது. ஷெர்லி சீசர், இனெஸ் ஆண்ட்ரூஸ் போன்ற பெரும் குரல்களை உருவாக்கிய குழு அது.

அந்தப் பயிற்சியின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். காஸ்பெல் பாடலில் எழுதப்பட்ட பகுதி பாதிதான். பாடல் முடிந்தது என்று எண்ணும் இடத்தில், பின்னணிக் குழு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க, முதன்மைப் பாடகர் தன் மனத்திலிருந்து பேசியும் கூவியும் அழுதும் பாடலைப் புதிதாகக் கட்டியெழுப்புவார். நம்மவர்கள் கற்பனைசுரத்தையும் நிரவலையும் எண்ணிக்கொண்டால் ஓரளவு புரியும். அந்தப் பகுதி எந்தத் தாளிலும் இல்லை. பாடுபவரின் படைப்பு அது. இதை நினைவில் வைத்துக்கொள்வது பின்னர் பயன்படும்.

தேவாலய இசையிலிருந்து உலகியல் இசைக்கு அவரை அழைத்து வந்தவர் கிதார் கலைஞர் ஃபிளாய்ட் ஸ்மித். மேலாளராக வந்தவர் பின்னர் கணவருமானார். 1971இல் வெளிவந்த 'ரெயின்போ '71' கர்ட்டிஸ் மேஃபீல்டு இயற்றி, முன்பே ஜீன் சாண்ட்லர் பாடிய பாடல். அதை மீண்டும் பாடுவதற்கு மேஃபீல்டின் சம்மதம்கூடச் சட்டப்படி தேவையில்லை. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு விலையை விதித்திருந்தது. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பாடலை இயற்றியவருக்கு 2 சென்ட். சிறிய தொகைதான். ஆனால் விலை என்று ஒன்று இருந்தது. யாரோ இயற்றிய பாடலை ஹாலவே எடுத்தபோது இயற்றியவருக்குக் காசு போக வழி இருந்தது. ஹாலவேயின் குரலை யாரோ எடுத்தபோது அப்படியொரு விலைப்பட்டியல் எங்கும் இல்லை.

அடுத்து அட்லாண்டாவைச் சேர்ந்த 'அவேர்' என்ற நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. இரண்டு இசைத்தொகுப்புகள் வந்தன. 1975இல் 'க்ரை டு மீ' என்ற பாடல் கறுப்பினத்தாரின் இசைப் பட்டியலில் பத்தாம் இடம்வரை ஏறியது. அதன் பின்னால் இருந்த தாய் நிறுவனத்தின் முதலாளி ஆபாச வெளியீடுகளில் செல்வம் சேர்த்த மைக்கேல் தெவிஸ். பிற்காலத்தில் கடுங்குற்றங்களுக்காகச் சிறை சென்றவர். நிறுவனம் நொடித்தது. வெற்றி கண்ட பாடகி மீண்டும் தெருவில் நின்றார்.

1976இல் ஃபிலடெல்ஃபியாவின் இசையமைப்பாளர் நார்மன் ஹாரிஸ் அவரைத் தம் 'கோல்டு மைண்டு' முத்திரைக்கு அழைத்துக்கொண்டார். அது நியூயார்க்கின் 'சால்சோல்' நிறுவனத்தைச் சார்ந்தது. நடனத் தளத்துக்கென்றே நீளமாகப் பதிக்கப்பட்ட 12 அங்குல ஒற்றைப்பாடல் தட்டை வணிகமுறையில் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம் சால்சோல். அவ்வாண்டில் வெளிவந்த 'டென் பெர்சென்ட்' என்ற தட்டு அது. நடன அரங்குகளில் தட்டுகளை ஓட்டும் டிஜேக்களே தங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் என்று உணர்ந்த முதலாளிகள் அங்கே இருந்தார்கள்.

இந்த உணர்வு ஹாலவேயின் வாழ்வில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. 'ஹிட் அண்டு ரன்' பாடலை அவர் பாடியபோது, வழக்கம்போல முடிவில் தம் மனம்போன போக்கில் நெடுநேரம் பாடினார். 1977இல் வால்டர் கிப்பன்ஸ் என்ற இளம் டிஜேயிடம் அப்பாடலின் மூல ஒலிநாடாக்கள் ஒப்படைக்கப்பட்டன. அவர் செய்த காரியம் துணிச்சலானது. முறையாக எழுதப்பட்ட சரணங்களில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தார். இறுதியில் ஹாலவே கற்பனையாகப் பாடிய பகுதியை எடுத்து, தாளத்தின் மேல் விரித்து, பதினொரு நிமிடப் பாடலாக ஆக்கினார். நடன அரங்குகள் அதைக் கொண்டாடின. பாடலை இயற்றியவர்கள் எழுதாத பகுதியே பாடலின் உயிராக ஆனது. ஆனாலும் இயற்றியவர்களுக்கான பங்கு இயற்றியவர்களுக்கே சென்றது. கிப்பன்ஸின் திறமையை இசை வரலாற்று நூல்கள் போற்றுகின்றன, அது நியாயமே. வெட்டி ஒட்டுவதற்கு அந்தச் சரக்கைத் தந்தவரைப் பற்றி அவை இன்னும் இரண்டு பத்திகள் எழுதியிருக்கலாம்.

டான் ஹார்ட்மன் இயற்றிய 'ரிலைட் மை ஃபயர்' பாடலில் ஹாலவே இடையில் புகுந்து பாடுவது சில வரிகள்தான். 1980இன் தொடக்கத்தில் அது அமெரிக்க நடனப் பட்டியலில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு ஹார்ட்மன் ஹாலவேக்கென்றே இயற்றித் தயாரித்த பாடல்தான் 'லவ் சென்சேஷன்'. ஹார்ட்மன் திருப்தி அடையாமல் ஏறத்தாழ முப்பது முறை தம்மைப் பாடவைத்ததாக ஹாலவே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தொண்டை கட்டிக்கொண்டது. விக்ஸ் களிம்பைக் காப்பியில் கலந்து குடித்துவிட்டுப் பாடினாராம். மருத்துவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பதிவைக் கேட்பவர்கள், உடைந்துவிடும் எல்லையில் நின்றுகொண்டு உடையாமல் ஒலிக்கும் ஒரு குரலைக் கேட்பார்கள். இறுதிக் கலவையைச் செய்தவர் டாம் மோல்டன். அந்தப் பாடலும் 1980இல் நடனப் பட்டியலின் உச்சியைத் தொட்டது.

நடனப் பட்டியல் என்பது என்ன என்று இங்கே ஒரு வார்த்தை. 'பில்போர்டு' இதழின் பொதுப் பட்டியல் தட்டு விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கணக்கிட்டது. நடனப் பட்டியல் அப்படியன்று. தங்கள் அரங்கில் எந்தப் பாடலுக்கு மக்கள் அதிகம் ஆடினார்கள் என்று டிஜேக்கள் அனுப்பும் அறிக்கைகளின் அடிப்படையில் அது தயாரானது. அமெரிக்கச் சட்டப்படி, நடன அரங்கில் ஒரு தட்டை ஒலிக்கவிட்டால் பாடலை இயற்றியவருக்கு உரிமத்தொகை உண்டு, பாடியவருக்குக் கிடையாது. வானொலிக்கும் அதே நிலைதான். ஒலிப்பதிவுக்கென்று தனியான பதிப்புரிமையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1972இல்தான் வந்தது. அதுவும் ஒப்பந்தத்தின் வழியே பதிவு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆகவே ஒரு பாடகி நடனப் பட்டியலில் முதலிடம் பெறுவது என்பது, ஆயிரம் அரங்குகளில் இரவெல்லாம் அவர் பாடினார், ஆனால் நுழைவுக் கட்டணத்தில் ஒரு காசும் அவருக்கு வரவில்லை என்பதற்கான அதிகாரபூர்வச் சான்றிதழ் போன்றது. பொது விற்பனைப் பட்டியலில் 'லவ் சென்சேஷன்' குறிப்பிடத்தக்க இடம் எதையும் பெறவில்லை.

அதற்குள் டிஸ்கோ சந்தையே சரிந்திருந்தது. 1979 ஜூலை 12 அன்று ஹாலவேயின் சொந்த ஊரான சிகாகோவில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு இடையில், டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பாளரும் வளர்த்த இசை மீதான வெறுப்பு அதில் கலந்திருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் நடன இசையிலிருந்து பின்வாங்கின. சால்சோல் 1980களின் நடுவில் பதிவுத் தொழிலை நிறுத்திக்கொண்டது. 1982இல் கணவர் ஃபிளாய்ட் ஸ்மித் காலமானார்.

தட்டுகள் வெடித்த அதே சிகாகோவில், 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்கில் 1977 முதல் ஃபிரான்கி நக்கிள்ஸ் என்ற டிஜே இரவு முழுவதும் இசை வழங்கிவந்தார். சால்சோல் தட்டுகள் அங்கே தவறாமல் ஒலித்தன. புதிய டிஸ்கோ தட்டுகளின் வரத்துக் குறைந்ததும், பழையவற்றை வெட்டி நீட்டி, தாள இயந்திரத்தின் ஒலியை அடியில் சேர்த்து, புதிதாக ஆக்கினார். அரங்கின் பெயரிலிருந்து 'ஹவுஸ்' என்ற சொல் பிறந்தது. 1984 வாக்கில் சிகாகோ இளைஞர்கள் தாங்களே அப்படிப்பட்ட தட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1987 ஜனவரியில் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஐரோப்பா முழுவதும் அந்த அலை பரவியது.

உற்பத்திக் காரணிகளைப் பற்றிப் பாடநூலில் படிப்பது இங்கே கண்முன் நடந்தது. டிஸ்கோ காலத்தில் ஒரு பாடலுக்கு வயலின் வரிசை, ஊதுகுழல் வரிசை, தாளக் கலைஞர்கள், பெரிய பதிவுக்கூடம் எல்லாம் வேண்டியிருந்தது. ஹவுஸ் இசைக்குப் படுக்கையறையில் ஓர் இயந்திரம் போதும். ரோலண்டு நிறுவனத்தின் தாளப்பெட்டிகளைப் பழைய பொருளாகக் குறைந்த விலையில் வாங்க முடிந்தது. வயலினுக்கு மாற்று கிடைத்தது; மத்தளத்துக்கு மாற்று கிடைத்தது. தேவாலயத்தில் இருபதாண்டுகள் பழகிய குரலுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. எந்தக் காரணிக்கு மாற்று இல்லையோ அதன் விலை உயர வேண்டும் என்பது நாங்கள் கரும்பலகையில் எழுதிய விதி. ஆனால் குரலின் விலை உயரவில்லை. 'சாம்ப்ளர்' என்ற கருவி வந்துவிட்டிருந்தது. எந்தப் பழைய தட்டிலிருந்தும் சில நொடி ஒலியை அது நகலெடுத்துக்கொள்ளும். விசையைத் தட்டும்போதெல்லாம் திருப்பித் தரும். இசையை நீக்கிக் குரலை மட்டும் கொண்ட தட்டுகள் டிஜேக்களிடையே புழங்கின. மாற்றே இல்லாத அந்த ஒரே பொருள்தான் விலையில்லாப் பொருளாகவும் ஆனது.

இத்தாலியில் டானியேல் தவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்ளிச்சி என்ற மூவர் செய்ததும் இதுவே. அதிரும் பியானோ ஒலி, ஹவுஸ் தாளம், அதன் மேல் 'லவ் சென்சேஷன்' பாடலிலிருந்து வெட்டியெடுத்த ஹாலவேயின் குரல். 'சரியான நேரத்தில்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தவறாகக் காதில் வாங்கி, 'ரைட்' என்பதை 'ரைடு' ஆக்கிப் பாடலுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். தமிழில் எழுதினால் ஒரு புள்ளி மறைந்து ஓர் உகரம் முளைப்பதோடு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அது பொருளற்ற சொற்றொடர். பாடியவரிடம் ஒருமுறை கேட்டிருந்தால்கூடத் தலைப்பு சரியாக அமைந்திருக்கும். காட்சிக்காக முன்னிறுத்தப்பட்டவர் காத்ரீன் கினோல் என்ற மாடல்.

அந்த மூவரின் பங்கைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 'லவ் சென்சேஷன்' ஒன்பது ஆண்டுகளாக எல்லோர் கைக்கும் எட்டிய தட்டு. அதில் இப்படியொரு பாடல் ஒளிந்திருப்பதை அவர்கள்தான் கண்டார்கள். அந்தப் பியானோவை நீக்கிவிட்டால் பிரிட்டனின் இளைஞர்கள் அதற்கு ஆடியிருக்க மாட்டார்கள். பழையதை வெட்டிப் புதியது ஆக்குவதே அந்தக் காலத்தின் பொதுவழக்கம். அவர்களுக்கு முன்னும் பின்னும் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்த 'ஜைவ் பன்னி' தட்டுகளும் பழைய பாடல்களைத் தைத்து ஒட்டியவைதான். பழையதை எடுத்தாண்டதில் எனக்குக் குறை தோன்றவில்லை. எடுத்தவர், எடுக்கப்பட்டவரை இல்லாதவராக ஆக்கியதே குறை.

பின்னணிப் பாடலில் ஊறிய தமிழ் வாசகருக்கு இதில் என்ன அதிர்ச்சி என்று தோன்றலாம். ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது நமக்குப் புதிதா? ஆனால் நம் திரையில் நடிகை பாடவில்லை என்பது பார்ப்பவர் அறிந்த உடன்பாடு. பாடியவர் யார் என்பது இசைத்தட்டிலும் வானொலி அறிவிப்பிலும் சொல்லப்படும். அந்தப் பெயருக்கென்றே தட்டு வாங்குவோர் உண்டு. 'ரைடு ஆன் டைம்' விஷயத்தில் அந்த உடன்பாடு இல்லை. பாடகியின் அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பைப் பெற்றுத் தருவது அவர் பெயர்தான். உரிமத்தொகை ஒருமுறை வரும் காசு. பெயர் அடுத்த காசுக்கான முதல். ஹாலவேயிடமிருந்து இரண்டுமே எடுக்கப்பட்டன.

ஹாலவே வழக்கறிஞர்களை அணுகினார். விவகாரம் இறுதித் தீர்ப்புவரை போகாமல் சமரசத்தில் முடிந்தது. இயற்றியவர்கள் வரிசையில் ஹார்ட்மனின் பெயர் இடம்பெற்றது. பாடலின் மெட்டுக்கும் சொல்லுக்கும் சட்டத்தில் ஓர் உறுதியான இடம் இருந்தது. அடுத்து நடந்தது வேடிக்கை. ஹாலவேயின் குரலை நீக்கிவிட்டு, அதே பகுதியை வேறொரு பாடகியைக் கொண்டு பாடவைத்துப் புதிய தட்டுகளை அச்சிட்டார்கள். பாடியவர், பின்னர் 'எம் பீப்பிள்' குழுவில் புகழ்பெற்ற ஹெதர் ஸ்மால். அவர் பெயரும் உறையில் இல்லை. ஒரு பெயரில்லாக் குரலுக்கு மாற்று இன்னொரு பெயரில்லாக் குரல்.

அதே பிளாக் பாக்ஸ் அடுத்து வெளியிட்ட பாடல்களில் பாடியவர் மார்த்தா வாஷ். அவற்றுக்கும் வாயசைத்தவர் அதே மாடல்தான். வாஷ் வழக்குத் தொடுத்தார். 1990 நவம்பரில் 'மில்லி வனில்லி' என்ற இரட்டையர் தங்கள் தட்டில் தாங்கள் பாடவே இல்லை என்பது வெளிப்பட்டு, கிராமி விருது பறிக்கப்பட்டது. பாடியவர் பெயரைத் தட்டில் குறிப்பிடும் வழக்கத்தை அமெரிக்கத் தொழில்துறை கண்டிப்பாக்கிக்கொண்டது இந்தக் கொந்தளிப்பின் விளைவு. 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகரின் வழக்கில், அனுமதியில்லாமல் ஒலித்துண்டு எடுப்பது பதிப்புரிமை மீறல் என்று தீர்த்தது. அன்றுமுதல் ஒலித்துண்டுக்கு விலை பேசும் ஒரு சந்தையே உருவாயிற்று. ஆனால் அந்த விலையைப் பேசுபவர்கள் பதிவின் உரிமையாளரும் பாடலின் உரிமையாளரும். பாடியவர் இவ்விருவரில் ஒருவராக இருப்பது அரிது.

இருந்தும் 1991 ஹாலவேக்கு ஒரு நல்ல ஆண்டு. பின்னாளில் மார்க் வால்பெர்க் என்ற இயற்பெயரில் திரைப்பட நடிகரான இளைஞர், அன்று மார்க்கி மார்க் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய 'குட் வைப்ரேஷன்ஸ்' பாடலின் பல்லவியில் ஒலித்ததும் 'லவ் சென்சேஷன்' பாடலின் குரல்தான். இம்முறை தட்டின் மேல் லொலீட்டா ஹாலவே என்ற பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. உரிமத்தொகையிலும் பங்கு தரப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஒரு வாரம் அது அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தேவாலயத்தில் தொடங்கி, மூன்று நிறுவனங்களைக் கடந்து வந்த ஒருவர், 44ஆம் வயதில், பதினொரு ஆண்டுகளுக்கு முன் பாடிய ஒரு மாலைப்பொழுதின் உழைப்பால் அந்த இடத்தை அடைந்தார். இரண்டு பாடல்களிலும் மூலப்பொருள் ஒன்றே, தொழில்நுட்பமும் ஒன்றே. மாறியது ஒப்பந்தம் மட்டும்தான். பாடியவர் பெயரையும் பங்கையும் தந்தால் நடன இசைத் தொழில் படுத்துவிடும் என்று வாதிட்டவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் இல்லை.

1993இல் 'டேக் தட்' குழு 'ரிலைட் மை ஃபயர்' பாடலை மீண்டும் பாடி பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஹாலவே பாடிய பகுதியை அதில் பாடியவர் லூலு. இயற்றியவரான ஹார்ட்மனுக்கு அதில் பங்கு உண்டு. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அந்தப் பகுதியை எப்படிப் பாட வேண்டும் என்று முதன்முதலில் காட்டியவருக்கு எந்தச் சட்டத்திலும் பங்கு இல்லை. நிகழ்த்துகலைஞர்களின் உரிமையைக் காக்க 1961இல் ரோமில் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையிலும் அமெரிக்கா சேரவில்லை. அதனால் அமெரிக்கப் பாடகர்கள் வெளிநாடுகளில் ஒலிக்கும் தங்கள் குரலுக்கும் பெரும்பாலும் எதையும் பெறவில்லை.

ஹாலவே ஓயவில்லை. டிஸ்கோ காலப் பாடகர்களில் பலர் நினைவுகளாகிவிட்ட பின்னும், ஐரோப்பாவின் புதிய தலைமுறைத் தயாரிப்பாளர்கள் அவரைத் தேடிவந்து நேரில் பாட அழைத்தார்கள். பழைய தட்டிலிருந்து எடுப்பதை விட்டு, ஆளையே அழைத்துப் பாடவைப்பது மெல்ல வழக்கமாயிற்று. 1998இல் 'ஃபயர் ஐலண்டு' என்ற பிரிட்டிஷ் இரட்டையருடன் பாடிய 'ஷவுட் டு த டாப்' அவரை மீண்டும் அமெரிக்க நடனப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுசென்றது. 'லவ் சென்சேஷன்' உச்சியைத் தொட்டுப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. மேடைகளில் அவர் பாடுவதைவிட அதிகமாகப் பேசுவாராம். பாட்டின் நடுவே நிறுத்தி, காதலையும் ஏமாற்றத்தையும் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோலச் சபையிடம் சொல்வது தேவாலயத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம். சாம்ப்ளரில் அடங்காத பகுதி அது.

2011 மார்ச் 21 அன்று, இதயம் செயலிழந்து, 64ஆம் வயதில் அவர் காலமானார். அதன் பிறகும் அந்தக் குரல் புதிய தட்டுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் நடன அரங்குகளும் வானொலிகளும் பாடியவருக்கு எதுவும் தரத் தேவையில்லை என்ற நிலை இன்றும் மாறவில்லை. பிரிட்டனின் முதலிடப் பாடல்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், 1989 செப்டம்பர் 9இல் தொடங்கும் ஆறு வாரங்களுக்கு நேரே பிளாக் பாக்ஸ் என்ற பெயர் மட்டுமே இருக்கிறது.